டபிள்யூ திணிவும் காணாத துணிக்கைகளும்: கேள்வி-பதில்

ஒவ்வொரு துணிக்கைக்கும் ஒரு துணைத்துணிக்கை உண்டு என்கிறது மீச்சமச்சீர்க் கொள்கை. அந்தத் துணைத்துணிக்கைகளை யாரும் கண்டதில்லை. பிறகு எப்படி அவை, மென்விசையைக் கடத்தும் டபிள்யூ போசனின் திணிவை மாற்றும்? (உயர்தர மாணவி, கிண்ணியா)

நல்ல கேள்வி, மகள். ஒரு துணிக்கையை உண்டாக்கச் சக்தி போதாவிட்டாலும், வளையத் திருத்தங்களில், அதாவது கணநேரம் தோன்றி மறையும் துணிக்கைகளுக்காகக் கணிப்பில் சேர்க்கும் சிறு திருத்தங்களில், அது வந்து போகும். குவார்க்குகளில் மிகப் பாரமான டொப் குவார்க்கைப் பாருங்கள். 1995இல் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வுகூடத்தில் பிடிபடுவதற்கு முன்பே, டபிள்யூவின் கூட்டாளியான இசட் போசனின் அளவீடுகள் அதன் திணிவு 170 ஜிகா இலத்திரன்வோல்ட்டுக்குக் கிட்ட இருக்கும் என்று காட்டிவிட்டன.

குளுவோனின் துணைத்துணிக்கையான குளுவினோ டபிள்யூ திணிவை மாற்றுமா? (நிலாவெளி)

நேரடியாக இல்லை. அதற்கு மின்மென் விசையோடு (மின்காந்த, மென் விசைகள் இணைந்தது) தொடர்பில்லை. இரண்டாம் வளையத்தில்தான், அதுவும் குவார்க்குகள் வழியாக, எட்டிப் பார்க்கும்.

டபிள்யூ திணிவு 80,433 என்று வந்துவிட்டது. மீச்சமச்சீர் நிரூபணமாகிவிட்டதுதானே? (உப்புவெளி)

80,433 என்ன? கிலோவா, மெகாவா? வழு, அதாவது கூட்டல் கழித்தல் எவ்வளவு என்பது, எங்கே? எத்தனை தடவை சொல்வது, வழு இல்லாத எண்ணை எனக்கு அனுப்பாதீர்கள்.

நீங்கள் சொல்வது 2022இல் ஃபெர்மிலாப்பின் சி.டி.எஃப் பரிசோதனை வெளியிட்ட முடிவு: 80,433 மெகா இலத்திரன்வோல்ட், வழு ஏறக்குறைய 9. நியம மாதிரி, அதாவது மீச்சமச்சீர் சேராத இன்றைய துணிக்கைக் கொள்கை, தருவது 80,357, வழு 6. ஏழு சிக்மா வித்தியாசம் (இணைந்த வழுவின் ஏறக்குறைய ஏழு மடங்கு), பெரிய விஷயம்தான். டொப், பொட்டம் குவார்க்குகளின் துணைத்துணிக்கைகளான ஸ்டொப், எஸ்பொட்டம் இரண்டின் திணிவும் ஒன்றிலிருந்து ஒன்று விலகியிருந்தால் டபிள்யூ திணிவு கூடும் என்பதும் சரி. ஆனால் 70, 80 மெகா ஏற்ற வேண்டுமென்றால் துணைத்துணிக்கைகள் மிக இலேசாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை பெரும்பாலும் ஜெனீவாவின் எல்.எச்.சி முடுக்கியில் நடந்த தேடல்களில் அடிபட்டுப் போய்விட்டன.

அதைவிட முக்கியம், 2024இல் எல்.எச்.சி பரிசோதனைகளில் ஒன்றான அட்லஸ் 80,366 என்றது, வழு 16. அதே ஆண்டு அங்குள்ள இன்னொரு பரிசோதனையான சி.எம்.எஸ் 80,360 என்றது, வழு 10. இரண்டும் நியம மாதிரியோடு ஒத்துப்போகின்றன, சி.டி.எஃப்புடன் ஒத்துப்போகவில்லை. பரிசோதனைகளே ஒன்றோடொன்று முட்டும்போது, முதலில் அந்த முட்டலைத் தீர்க்க வேண்டும். ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு புதுத் துணிக்கை அறிவிக்கும் பழக்கம் மாணவர்களைக் கெடுக்கிறது. தயவுசெய்து விடுங்கள்.

அப்படியானால் மீச்சமச்சீர் செத்துவிட்டதா? (ஆசிரியர், மூதூர்)

இல்லை சேர். துணைத்துணிக்கையின் திணிவு இரட்டித்தால், அதன் பாதிப்பு ஏறக்குறைய கால்வாசியாகும். சில டெரா இலத்திரன்வோல்ட்டுக்கு மேல் போனால் இன்றைய வழுவுக்குள் மறைந்துவிடும். அளவீடு ஒத்துப்போவது அதை மறுப்பதும் இல்லை, ஆதரிப்பதும் இல்லை.

இசட் திணிவு 91.2ஆ, 91.19ஆ? எது பிழை? (தம்பலகாமம்)

இரண்டும் ஒன்றுதான். 91.1876 ஜிகா இலத்திரன்வோல்ட், வழு 0.0021. வழுவைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நிலவு அந்த அளவீட்டைக் குழப்பியது உண்மையா? (சாம்பல்தீவு)

உண்மை. கொட்டியாரக் குடாவில் நீரை ஏற்றி இறக்கும் அதே ஈர்ப்பு, ஜெனீவாவில் இசட் திணிவை அளந்த லெப் முடுக்கியின் 27 கிலோமீற்றர் வளையத்தை ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நீட்டிச் சுருக்கியது. துணிக்கைக் கற்றையின் சக்தி 10 மெகா இலத்திரன்வோல்ட் அளவில் ஆடியது. பக்கத்தில் ஓடிய மின்ரயில்களின் கசிவு மின்னோட்டமும் காந்தங்களைத் தொட்டது. இவற்றையெல்லாம் கழித்த பிறகுதான் அந்த 0.0021 கிடைத்தது.