மாஸ்டர் கார்டனர் ஆக தோட்டக்கலைப் பட்டம் வேண்டுமா?

வேண்டாம். இது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்க மையங்கள் (வேளாண் அறிவை மக்களிடம் கொண்டுசேர்ப்பவை) தன்னார்வலர்களுக்குத் தரும் பயிற்சியும் சான்றும்தான். 1973-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்தது. வீட்டுத் தோட்டக்காரர்களின் கேள்விகள் குவிந்து, இருந்த நிபுணர்களால் சமாளிக்க முடியாமல் போனதுதான் காரணம்.

முதலில் மண், பூச்சி, நோய், கவாத்து (கிளை வெட்டுதல்) என்று வகுப்புகள். அப்புறம் வீட்டுத் தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது போன்ற தன்னார்வப் பணி. கலிஃபோர்னியாவில் முதல் ஆண்டு 50 மணி நேரம், அதன்பின் ஆண்டுக்கு 25 மணி நேரப் பணியும் 12 மணி நேரத் தொடர்கல்வியும். மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) மையத்தில் கேளுங்கள். இந்தச் சான்றைச் சொந்த வியாபார விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

செடியைத் தெரிந்தால் மட்டும் போதாது, கேள்வி கேட்கவும் தெரிய வேண்டும். அடிப்பக்கம் கறுத்து அமுங்கிய தக்காளியைக் கொண்டுவந்து, எந்த மருந்து அடிக்கலாம் என்று ஒருவர் கேட்பார். அது பூச்சியும் இல்லை, கிருமியும் இல்லை. காய்க்குக் கால்சியம் சரியாகப் போய்ச் சேராத குறை, பெரும்பாலும் நாலு நாள் காயவிட்டு ஒரே நாளில் கொட்டுவது போலத் தண்ணீர் விடுவதால் வருவது. "எப்படித் தண்ணீர் விடுகிறீர்கள்?" என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும். அவர் மருந்து வாங்காமல் வீடு திரும்புகிறாரே, அதற்காகவே இதில் சேரலாம்.