பழைய அமெரிக்கச் செங்கல் கடைக் கட்டடங்களில் கீழ்த்தளம் மட்டும் ஏன் கண்ணாடியாக இருக்கிறது?

இல்லினாய், இந்தியானா போன்ற மாநிலங்களின் சிற்றூர்களில், நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்த இக்கட்டடங்களில் கீழே கடையும், மேலே அலுவலகமோ குடியிருப்போ இருந்தன.

செங்கல் சுவர் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வரிசையாக அடுக்கிய புத்தகங்களை இருபுறமும் கைகளால் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஆதாரமின்றியே அவற்றைத் தூக்கிவிடலாம்; மேல்தளச் சன்னல்களின் வளைவிலும் செங்கற்கள் அவ்வாறே ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. ஆகவே அங்கே திறப்பு குறுகலாகவும், பக்கச் சுவர் கனமாகவும் அமைந்தன. கடைக்காரருக்கோ, பொருள்களைக் காட்டவும், பக்கத்துக் கடைகள் சுவரோடு சுவராக ஒட்டியிருந்ததால் முன்புறமாகவே வெளிச்சம் பெறவும் அகன்ற முகப்பு தேவைப்பட்டது. வார்ப்பிரும்புத் தூண்களும் அவற்றின்மேல் கிடத்திய இரும்பு உத்திரமும் மேல்சுவரின் எடையை ஏற்றதால்தான் அது கைகூடியது. எவன்ஸ்வில் நகரின் ஜார்ஜ் மெஸ்கர் நிறுவனம் இத்தகைய முகப்புகளை விலைப்பட்டியல் அச்சிட்டே விற்றது என்பது வியப்புக்குரிய செய்தி.

கூரையோரத்துப் பூவேலைப்பாட்டைச் செதுக்கிய கல் எனப் பலர் எண்ணுகின்றனர். பல கட்டடங்களில் அது அச்சில் அழுத்தி வண்ணம் பூசிய மெல்லிய உலோகத் தகடே.