எத்தனை நாள் லீவு இருக்கிறது? லடாக் ஓட்டம் பற்றி உங்கள் கேள்விகள்

போன இதழில் லடாக் மாரத்தானைப் பற்றி போகிற போக்கில் நாலு வரி எழுதினேன், அதற்கே மெயில் பெட்டி நிரம்பிவிட்டது. நம் வாசகர்களில் இத்தனை பேர் விடியற்காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் என்பது எனக்கே செய்திதான். எல்லாக் கடிதத்துக்கும் இடமில்லை, பலர் கேட்டதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பூர் வாசகர்: சென்னையிலும் கோவையிலும் முழு மாரத்தான் முடித்திருக்கிறேன். ஓட்டம் நடக்கிற லே நகரில் எந்தத் தூரத்துக்குப் பெயர் கொடுக்கலாம்? ஆபீஸில் ஆறு நாள் லீவு கிடைக்கும்.

கடைசி வரியில் நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். ஆறு நாள் என்றால் 11.2 கிலோமீட்டர். அதற்கு மேல் வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன். 2012-இல் தொடங்கி செப்டம்பர் மாதத்தில் நடக்கிற ஓட்டம் இது. 5 கிலோமீட்டர், 11.2, அரை மாரத்தான் (21 கிலோமீட்டர்), முழு மாரத்தான் (42 கிலோமீட்டர்), அப்புறம் கர்துங் லா கணவாயைத் தாண்டுகிற 72 கிலோமீட்டர், அதற்கும் மேலே 122 கிலோமீட்டர் என்று தூரங்கள் உண்டு. நம் ஊரில் தூரத்தைக் கால் முடிவு செய்யும். அங்கே லீவு லெட்டர்தான் முடிவு செய்யும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது 11,500 அடி. அங்கே காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு என்று பலரும் எழுதுகிறார்கள், அது தப்பு, சதவீதம் மெரினாவில் இருக்கிற அதே 21 தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே இருக்கிறது, அதனால் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேருகிற ஆக்சிஜன் குறைந்துபோகிறது. உடம்பு இதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும், ஆனால் நம் அவசரத்துக்கு அல்ல. முதல் நாளே மூச்சு வேகமெடுக்கும், இரண்டு மூன்று நாள் சிறுநீர் அதிகமாகப் போகும், புதுச் சிவப்பணுக்கள் போதுமான அளவு சேர வாரக்கணக்கில் ஆகும். டெல்லியிலிருந்து விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டுவிடும். அதில் நம் உடம்புக்குத் தகவல் சொல்லக்கூட நேரம் இருக்காது.

நான் முதல் தடவை அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்று நாள் முன்னால் போய் இறங்கினேன். "நாம் பார்க்காத மலையா" என்ற திமிர். போன அன்றே லே அரண்மனைப் படிகளை ஏறியாயிற்று, போட்டோவும் எடுத்தாயிற்று. ராத்திரி பதினோரு மணிக்குத் தலைவலி ஆரம்பித்தது, நெற்றியில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், விடிவதற்குள் இரண்டு தடவை வாந்தி. ஓட்டத்தன்று காலை, ஊக்கு குத்திய பிப் நம்பரோடு (ஓடுகிறவரின் எண் அட்டை) டி-ஷர்ட் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது, நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு தெருவோரத்தில் நின்று மற்றவர்களுக்குக் கை தட்டினேன். மறு வருஷம் பதினோரு நாள் முன்னால் போனேன், ஓடினேன். அப்போதுகூட கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் கூடுதலாக ஆனது.

அரைக்கும் முழுசுக்கும் குறைந்தது எட்டு, பத்து நாள் கையில் இருக்கட்டும். முழு மாரத்தானில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர் மேலே, சிந்து நதி கீழே. நதி வரை சுகமாக இறங்கிவிட்டு, கால் தளர்ந்த பிறகு கடைசியில் ஊரை நோக்கி ஏற வேண்டும். பலர் உட்கார்ந்துவிடுவது அந்த ஏற்றத்தில்தான்.

சேலம் வாசகர்: ஏற்காடு ரோட்டிலும் கொல்லிமலையிலும் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தால் போதுமா? இல்லை, ஊட்டியில் போய் ஒரு மாதம் தங்க வேண்டுமா?

காலுக்குப் போதும், நுரையீரலுக்குப் போதாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் கொல்லிமலையின் 70 வளைவையும் தொடர்ந்து ஏறி இறங்குகிறவருக்குத் தொடையும் கெண்டைக்காலும் நன்றாகவே பழகும், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர்தான். தொட்டபெட்டா உச்சி 2,637, தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. மூணாறில் அண்ணாந்து பார்க்கிறோமே, அந்தச் சிகரத்துக்கும் 800 மீட்டர் மேலே லேயின் கடைத்தெரு இருக்கிறது! ஊட்டியில் ஒரு மாதம் தங்குகிற செலவில் லேயிலேயே இன்னும் சில நாள் கூடுதலாக இருந்துவிடலாம்.

மதுரை வாசகி: என் கணவர் இந்த வருஷம் 72 கிலோமீட்டர் ஓடப்போவதாகச் சொல்கிறார். வயது 46. எனக்குப் பயமாக இருக்கிறது. விடலாமா?

பயம் நியாயமானதுதான் அம்மா. அந்த ஓட்டம் எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.

கர்துங் என்ற சின்னக் கிராமத்தில், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்குகிறது. கும்மிருட்டு, நெற்றியில் விளக்கு, கை விறைக்கிற குளிர். அங்கிருந்து 32 கிலோமீட்டர் ஏற்றம், கணவாயின் உச்சி வரை. உச்சியில் ரொம்ப காலம் 18,380 அடி என்று பலகை நின்றது, அது கூட்டிச் சொன்னது, உண்மையில் 17,600 அடிக்குப் பக்கம். அதுவே எவரெஸ்ட் அடிவார முகாமின் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதி. ரோடு என்னவோ லாரிக்காகப் போட்டது, செங்குத்தெல்லாம் கிடையாது, கடல்மட்டத்தில் இருந்தால் அந்த ஏற்றத்தில் உங்கள் கணவர் பேசிக்கொண்டே ஓடிவிடுவார். அங்கே நல்ல நல்ல ஓட்டக்காரர்களே நடக்கிறார்கள், நாலு அடி வைப்பது, நிற்பது, மறுபடி நாலு அடி. உச்சியைத் தொட்டதும் முடிந்துவிடாது, லே வரை 40 கிலோமீட்டர் இறக்கம், 1,800 மீட்டருக்கு மேல். ஏற்றத்தில் மூச்சு போனால் இறக்கத்தில் தொடைத்தசை போகும். மறுநாள் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்குகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி கேள்விகள். இதற்கு முன் மலையில் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறாரா? முன் அனுபவம் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள், அது சும்மா சம்பிரதாயம் இல்லை. லேயில் எத்தனை நாள் இருக்கப்போகிறார்? என் கணக்கில் இரண்டு வாரம், அதில் ஓட்டத்துக்கு முன் ஒரு தடவையாவது வண்டியில் கணவாய்க்குப் போய்க் கொஞ்சம் நடந்து பார்த்திருக்க வேண்டும். இதயப் பரிசோதனை செய்தாரா? கடைசியாக, முக்கியமாக: பாதியில் நிறுத்தத் தெரியுமா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சில் களகளவென்று சத்தம், நுரையோடு சளி, நேர்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டம், உளறல், இதில் ஒன்று வந்தாலும் அந்த நிமிஷமே வண்டியில் ஏறிக் கீழே வந்துவிட வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்கிற அறிகுறி அது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று யோசிக்கிற ஆளாக இருந்தால் விடாதீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன.

ஈரோடு வாசகர்: டயாமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் ஒரே நாளில் பழகிவிடும் என்கிறான் நண்பன். உண்மையா?

ஒரே நாளில் எதுவும் பழகாது. அசிட்டசோலமைடு என்கிற அந்த மருந்து மூச்சைக் கொஞ்சம் தூண்டிவிட்டுப் பழகுவதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் தொடவே கூடாது. விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும், அதுவும் குளிரில். ஓட்டத்தன்று அது தொல்லைதான். நாளைக் கூட்ட முடிந்தால் நாளைக் கூட்டுங்கள். முதல் சில நாள் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

நாகர்கோவில் வாசகர்: காசு கொடுத்து யாராவது மூச்சுத் திணறுவார்களா?

நான் கொடுத்தேனே, ஓடாமலே.

பாண்டிச்சேரி வாசகி: எனக்கு நேரம், மெடல் எதுவும் முக்கியமில்லை. ஊரைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும், அவ்வளவுதான்.

உங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் அந்த ஊர். 11 கிலோமீட்டரே போதும், நேரம் இருந்தால் அரை. வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை பெய்கிற பூமி, மலையெல்லாம் மொட்டைப் பழுப்பு, ஒரு புல் கிடையாது. பனி உருகி வரும் வாய்க்கால் எட்டுகிற இடம் வரைக்கும் மட்டும், கத்தரித்த மாதிரி, பச்சை. செப்டம்பரில் பார்லி அறுப்பு நடக்கும், கதிர்க்கட்டு வயலில் சாய்ந்து நிற்கும், பாப்லர் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். தெற்கே ஸ்டோக் காங்ரியின் பனி உச்சி பாதையில் பாதி தூரத்துக்குக் கூடவே வரும். எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு பாட்டி. ரோட்டோரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, பித்தளைக் குவளையில் தண்ணீரை நீட்டி, ஓடி வருகிற ஒவ்வொருவருக்கும் "ஜூலே, ஜூலே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வணக்கம், நன்றி, போய் வா, எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். ஓட்டத்தை நிறுத்தி வாங்கிக் குடித்தேன், இரண்டு நிமிஷம் போயிற்று.

வெயிலை மட்டும் குறைத்து எடை போடாதீர்கள். குளிராகத்தான் இருக்கும், ஆனால் மூக்கும் உதடும் தோல் உரிந்துவிடும்.

பலர் கேட்டது: போய் இறங்கியதும் முதல் இரண்டு நாள் என்ன செய்வது?

ஒன்றும் செய்யக் கூடாது. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு இல்லாதவர்களுக்கு அந்தப் பொழுதுபோக்கும் கிடையாது. தண்ணீர் குடியுங்கள், துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் கிடைத்தால் சாப்பிடுங்கள், உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் பிடிக்கிறதா என்று ஒரு வாய் பாருங்கள் (எனக்கு மூன்றாவது கோப்பையில்தான் பிடித்தது). இரண்டாம் நாள் சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கொண்டு மெதுவாக மெயின் பஜார் வரை நடந்து, நடைபாதையில் கடை விரித்திருக்கும் அம்மாக்களிடம் உலர்ந்த ஆப்ரிகாட் கால் கிலோ வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து படுத்துவிடுங்கள்.