லூயி மால் ஊன்றி நிற்காதவரா?

கேள்வி: பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் கடலுக்கடியில் ஆவணப்படம் எடுத்தார், பிறகு கொலைக்கதை, கோமாளிக்கூத்து, இந்தியா, அமெரிக்கா என்று தாவினார். எதிலும் ஊன்றி நிற்காதவரை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் சொன்ன பட்டியல் சரி, முடிவு தவறு.

சர்க்கரை ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை அவர். 23 வயதில் கடலாய்வாளர் கூஸ்தோவுடன் சேர்ந்து எடுத்த கடல் படம் 1956இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதை வாங்கியது. அதே பாணியில் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் 1968இல் இரண்டே உதவியாளர்களோடு இந்தியாவில் மாதக்கணக்கில் அலைந்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஏழு பகுதிகளாக வந்த அந்தப் படத்தில் ஒரு பகுதி சென்னைக்கே: தேர் இழுக்கும் கூட்டம், கலாக்ஷேத்ராவில் நடனம் பயிலும் பிள்ளைகள். அதை ஒளிபரப்பியதற்காக 1970இல் பி.பி.சி.யின் டில்லி அலுவலகத்தையே நம் அரசு மூட வைத்தது. சில இடங்களில் மால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறார் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் ஜனங்கள் கேமராவை உற்றுப் பார்க்கும் காட்சிகளை அவர் வெட்டி எறியவில்லை. தான் பார்ப்பதைப் போலவே தன்னையும் பார்க்கிறார்கள் என்பதை மறைக்காமல் வைத்தார்.

ஒரு பார்வைக்கு என்ன கனம் என்று அவருக்குத் தெரியும். 1944 ஜனவரியில் அவருக்கு 11 வயது. ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸில், ஃபோன்தேன்ப்ளோ ஊர் அருகே கார்மெல் சபைக் கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். வேறு பெயரில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த மூன்று யூதச் சிறுவர்களை நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ வந்து பிடித்துக்கொண்டு போனது. அடைக்கலம் கொடுத்த தலைமையாசிரியர் பாதிரியார் ழாக்கையும் கூடவே. சிறுவர்கள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். பாதிரியார் வேறொரு முகாமிலிருந்து மீட்கப்பட்டும் சில வாரங்களில் இறந்துபோனார்.

இதைப் படமாக்க மாலுக்கு 43 வருஷம் பிடித்தது. 1974இல் 'லகோம்ப் லூசியன்' படத்தில், ஜெர்மானியருக்குக் கையாளாகப் போன கிராமத்துப் பையனைக் காட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து நெருங்கிப் பார்த்தார். சொந்த நாட்டிலேயே ஏச்சு வாங்கினார். அமெரிக்கா போய்ப் பத்து வருஷம் போல இருந்து திரும்பிய பிறகுதான் 1987இல் அந்தப் பள்ளிக்கூடக் கதையை 'ஓ ரவுவார் லேஸான்ஃபான்' (Au revoir les enfants) என்ற படமாக எடுக்க முடிந்தது.

அதில் ஒரு காட்சி. வகுப்புக்குள் வந்த கெஸ்டபோ அதிகாரி யூதப் பையன் யார் என்று கேட்டுவிட்டு முதுகைத் திருப்புகிறான். கதாநாயகச் சிறுவன் தன்னை அறியாமல் நண்பனின் பெஞ்சுப் பக்கம் கண்ணைத் திருப்புகிறான். ஒரு நொடிதான், அதிகாரி பார்த்துவிடுகிறான். நிஜத்தில் அந்தப் பார்வை நடக்கவில்லை, மாலே சேர்த்தது. செய்யாத குற்றத்தைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்ட இந்த மனிதரையா ஊன்றி நிற்காதவர் என்கிறீர்கள்?

அந்தப் படத்தைக் கடைசி வரை பாருங்கள். அந்தக் காலையின் ஒவ்வொரு நொடியும் சாகும்வரை மறக்காது என்று முடிவில் ஒரு குரல் சொல்லும். அது மாலின் குரல்.