வண்டுக்கு ஆறு கால் வேண்டும், தாளுக்கு நான்கு மூலைதான்

கேள்வி: ஓரிகாமியில் (தாள் மடிப்புக் கலை) கொக்கும் தவளையும் மடிக்க வரும். சொந்தமாக ஒரு காண்டாமிருக வண்டு வடிவமைக்க ஆசை. ஏ4 தாளைச் சதுரமாக வெட்டி, கொக்கின் அடிப்படை மடிப்பிலிருந்து தொடங்கினேன். கால்கள் போதவில்லை. ஒரு முனையை இரண்டாக்கினால் தடித்துக் கிழிகிறது. என்ன செய்வது?

பதில்: கொக்கின் மடிப்பில் நான்கு நீள முனைகளும் (கால், இறக்கை போல வெளியே நீட்டும் பகுதிகள்) ஒரு குட்டை முனையும்தான் உண்டு. வண்டுக்கு ஆறு கால், கொம்பு, வயிறு என எட்டு வேண்டும். இருக்கும் முனையைப் பிளந்தால் நீளம் குறையும், அடுக்கு கூடும். அதனால் மடிக்கும் முன்பே தாளில் இடம் ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு முனை தாளின் மூலையில் அமைந்தால், அதன் நீளத்தை ஆரமாகக் கொண்ட கால் வட்டம் செலவாகும். விளிம்பில் அரை வட்டம், நடுவில் முழு வட்டம். வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. ஓரிகாமிக் கலைஞர்கள் ராபர்ட் லாங்கும் மெகுரோ தோஷியுகியும் தனித்தனியே வளர்த்தெடுத்த வழி இது. கட்டம் போட்டு மடிப்பவர்கள் வட்டத்துக்குப் பதில் பெட்டி வரைவார்கள். புதியவருக்கு அதுவே எளிது.

உங்கள் வண்டுக்கு 28×28 கட்டம் போதும். 28 ஆகப் பிரிப்பது தொல்லை. 40 செ.மீ. தாளைப் பாதி பாதியாக மடித்து 32 ஆக்கி, அடுத்தடுத்த இரு பக்கத்தில் 4 கட்டம் வெட்டிவிடுங்கள். 35 செ.மீ. சதுரம், கட்டத்துக்கு 1.25 செ.மீ. (மடிக்கத் தொடங்கும் முன் வெட்டுவது விதிமீறல் இல்லை!)

மேல் மூலைகளில் முன்கால்கள், 6×6 கட்டப் பெட்டி. அவற்றுக்கு நடுவே கொம்பு, 16 அகலம், 8 உயரம். முன்கால்களுக்குக் கீழே இரு விளிம்பிலும் நடுக்கால்கள், 6 அகலம், 12 உயரம். அதன் கீழ் தாளின் முழு அகலத்துக்கும் 4 கட்டப் பட்டை. அது உடலின் நீளமாகும். பூச்சியின் ஆறு கால்களும் மார்பிலிருந்தே முளைக்கின்றன என்றாலும், இறக்கை உறை மூடுவதால் வண்டின் பின்கால்கள் தள்ளித் தெரியும். அந்தத் தோற்றத்துக்காகவே இந்த இடைவெளி. கீழ் மூலைகளில் பின்கால்கள், நடுவில் 6 உயர வயிறு. கால் 7.5 செ.மீ., கொம்பு 10 செ.மீ. கிடைக்கும். நடுவில் மிஞ்சும் 16×10 இடத்தில் 5 கட்ட முனை ஒன்றை எடுத்து இறக்கை உறையாக விரிக்கலாம்.

பெட்டி மூலைகளிலிருந்து 45 பாகைக் கோடுகள் வரைந்து, முழுத் தாளையும் தொடுமுன் ஒரு மூலையை மட்டும் மடித்துப் பாருங்கள். கோடுகள் சந்திக்கும் ஒரு புள்ளி தட்டையாகப் படியாவிட்டால் அங்கே மேட்டு மடிப்புகளையும் (மேல்நோக்கி எழுபவை) பள்ள மடிப்புகளையும் (உள்நோக்கி இறங்குபவை) எண்ணுங்கள். வித்தியாசம் சரியாக 2 இருக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றான கோணங்களின் கூட்டல் 180 பாகை வர வேண்டும். பெரும்பாலும் ஒரு கோடு விடுபட்டிருக்கும்.

கிழிவதற்குத் தாளும் காரணம். சதுர மீட்டருக்கு 75 கிராம் எடையுள்ள நகல் தாள் இத்தனை அடுக்கைத் தாங்காது. மெல்லிய டிஷ்யூ தாள் இரண்டை மெத்தில் செல்லுலோஸ் பசையால் கண்ணாடிமேல் ஒட்டி, முழுக்கக் காய்ந்தபின் சதுரமாக வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டினால் காயும்போது கோணல் விழும். விளிம்பில் அமைந்த நடுக்கால்களில் மூலைக் கால்களைப்போல் இரு மடங்கு தாள் இருப்பதால், அவை சற்றே பருத்துத்தான் வரும். கடைசியில் அவற்றை மட்டும் பசை தொட்டு நசுக்கிக் காயவிடுங்கள்.