25 டாலரை ரூபாயில் பெருக்காதீர்கள், தம்பி

டொராண்டோ வந்து எட்டு மாதம் ஆகிறது, வெப்சைட் வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்கிறேன், மணிக்கு 25 டாலர் வாங்குகிறேன், எப்போது எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனியாகப் பதிவு செய்யலாமா, கணக்கு எழுத எந்த மென்பொருள் நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மென்பொருள் எதுவானாலும் சரி. கம்பெனி விஷயத்தை ஒரு கணக்காளரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள், உங்களுக்கு இப்போது அவசரமில்லை. கட்டணத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உங்கள் 25-ஐப் பார்த்ததும் நான் முதலில் மணிக்கு வாங்கிய 15 டாலர் ஞாபகம் வந்துவிட்டது.

நான் 2009 அக்டோபரில் வந்தேன். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் அறை, அடுத்த சுவரில் துணி துவைக்கும் மிஷின். அப்போது ஒரு டாலர் 45 ரூபாய்க்குப் பக்கம். மணிக்கு 675 ரூபாய் சம்பாதிக்கிறேன் என்று திருச்சிக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் வாடகையும் பஸ் செலவும் டாலரில்தான் போனது. பெருக்கிப் பார்க்கும் பழக்கம் என்னைவிட்டுப் போக ஒன்றரை வருடம் ஆனது. நீங்கள் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

இந்த ஊர்க் கணக்கைப் போடுவோம். முழுநேர வேலையில் இருப்பவருக்கு வருடத்தில் 2,080 மணி நேரத்துக்குச் சம்பளம். நமக்கு அப்படி இல்லை. வேலை தேடுவது, விலை எழுதி அனுப்புவது, வராத பணத்துக்கு நடையாய் நடப்பது எல்லாம் போக, நல்ல வருடத்தில்கூட 1,100 மணி நேரத்துக்கு மேல் நான் பில் போட்டதில்லை. அதை 25-ஆல் பெருக்கினால் 27,500 டாலர். நம் ஒன்டாரியோ மாகாணத்தில் மணிக்குக் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து 17.60. அந்தக் கூலிக்கு முழு நேரம் காபிக் கடையில் நிற்பவருக்கு 36,600 டாலர் வருகிறது, உங்களைவிட ஒன்பதாயிரம் அதிகம். சிபிபி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு அவர் கட்ட வேண்டிய சந்தாவில் பாதியை முதலாளி கட்டுகிறார். நீங்கள் இரண்டு பாதியையும் சேர்த்து 11.9 சதவீதம் கட்ட வேண்டும். வேலை போனால் அவருக்கு இஐ என்ற வேலையிழப்புக் காப்பீட்டுப் பணம் கிடைக்கும், நமக்குக் கிடைக்காது.

அதனால் எப்போது ஏற்றலாம் என்ற கேள்வியே வேண்டாம். அடுத்து வரும் புது ஆளிடம் 45 என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு வாயைத் திறக்காதீர்கள். இதைப் பழகத்தான் எனக்கு நாளானது. நம் ஊர் வழக்கப்படி விலை சொன்ன கையோடு "பார்த்துப் போட்டுக்கொடுக்கிறேன்" என்று நாமே இறங்கிவிடுவோம். இங்கே அவர் யோசிக்கும் வரை பேசாமல் இருக்க வேண்டும். பழைய ஆட்களுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே எழுத்தில் சொல்லுங்கள், எந்தத் தேதி முதல், எவ்வளவு என்று மட்டும். வாடகை ஏறிவிட்டது, குழந்தை பிறந்திருக்கிறது என்றெல்லாம் எழுத வேண்டாம்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். தொடர்ந்து நான்கு காலாண்டுகளில் உங்கள் மொத்த வரவு 30,000 டாலரைத் தாண்டினால் எச்எஸ்டி என்ற விற்பனை வரிக்குப் பதிவு கட்டாயம். அதன்பின் ஒவ்வொரு பில்லிலும் 13 சதவீதம் சேர்த்து வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். "எல்லாம் சேர்த்து ஆயிரம்" என்று வாய்வார்த்தையாகப் பேசியிருந்தால் அதில் 115 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். 2012-ல் எனக்கு அப்படித்தான் ஏழெட்டு பில்லில் போனது. 25-லிருந்து 45-க்குப் போனால் நீங்களும் அந்தக் கோட்டைத் தாண்டுவீர்கள், அதனால் முதல் நாளிலிருந்தே "வரி தனி" என்று எழுதிவிடுங்கள். எச்எஸ்டி பதிவுள்ள வியாபாரிகள் அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அவர்களிடம் கேட்கத் தயங்க வேண்டாம். இன்னொன்று, தனியாகத் தொழில் செய்பவர்கள் வருமான வரிக் கணக்கை ஜூன் 15 வரை கொடுக்கலாம், ஆனால் பணத்தை ஏப்ரல் 30-க்குள் கட்டியாக வேண்டும். பலர் வட்டி கட்டுவது இங்கேதான்.

அப்புறம் நம் ஆட்கள். பகலில் வங்கியில் நல்ல சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, இரவில் பொழுதுபோக்காக 20 டாலருக்கு வெப்சைட் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். இதை நம்பிப் பிழைக்கிறவனின் வயிற்றில் அடிக்கிறோம் என்று அவர்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர்களோடு விலையில் போட்டி போடாதீர்கள், ஜெயிக்க முடியாது. "நம்ம பையன்தானே" என்று தோளில் கை போடுகிறவர்களிடமும் கவனமாக இருங்கள்.

ஆனால் எனக்கு விலை கேட்கச் சொல்லிக்கொடுத்தவரும் ஒரு தமிழர்தான். என் முதல் வாடிக்கையாளர், 83 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து பலசரக்குக் கடை போட்ட யாழ்ப்பாணத்துக்காரர். 2011 வசந்தத்தில் ஒரு நாள் என் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நீங்கள் காசு குறைவாக் கேக்கிறியள். நான் ஒருக்கா அரிசியைப் பக்கத்துக் கடையைவிட ரெண்டு டொலர் குறைச்சுப் போட்டன். பழசோ எண்டு கேட்டுப்போட்டுச் சனம் வாங்காமப் போட்டுது." அன்று இரவே என் வாடிக்கையாளர்கள் ஐந்து பேருக்கும் 15 இனிமேல் 30 என்று எழுதினேன். விடியும் வரை தூக்கம் வரவில்லை. இரண்டு பேர் போய்விட்டார்கள். மீதி மூன்று பேரிடம் வந்ததே முன்பு ஐந்து பேரிடம் வந்ததைவிட அதிகம்.

கடையை இப்போது அவர் மகன் நடத்துகிறார், வெப்சைட்டை இன்றும் நான்தான் பார்க்கிறேன். போன வருடம் 95-க்கு ஏற்றி எழுதினேன். "சரி அண்ணை" என்று ஒரு வரியில் பதில் வந்தது.