மனநலக் கேள்வி-பதில்: தேறி வந்த பிள்ளையும் நிறுத்திய மாத்திரையும்

மகளிடம் சாகும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா?

ஆகாது. தனியாக இருக்கும் நேரம் பார்த்து, "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே?" என்று பதிலையும் நீங்களே எடுத்துக்கொடுக்கும் விதத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

என் தங்கை சில நாட்களாகச் சரியில்லை. நல்ல மாத்திரை ஒன்று எழுதவும்.

வயது எழுதவில்லை, எத்தனை நாட்களாக என்று எழுதவில்லை, தூங்குகிறாளா சாப்பிடுகிறாளா என்பதும் இல்லை. மாத்திரை மட்டும் வேண்டுமாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் நிலைமை மோசமானால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

என் மகனுக்கு 22 வயது. பொறியியல் மூன்றாம் ஆண்டில் மனச்சிதைவு வந்து படிப்பு நின்றது. ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. யாருமில்லாமலே குரல் கேட்பது நின்றுவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிட்டோம். ஒரு கால்கட்டுப் போட்டால் முழுதும் தேறிவிடுவான் என்கிறார்கள், செய்யலாமா?

இந்தக் கடிதத்தை வெவ்வேறு கையெழுத்துகளில் முப்பது ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். நிறுத்தச் சொன்னது யார் என்பது மட்டும் எந்தக் கடிதத்திலும் இருப்பதில்லை.

மனச்சிதைவு உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை தற்கொலையால் இறக்கிறார்கள் என்பதும், அந்த ஆபத்து நோயின் முதல் சில ஆண்டுகளில், அதிலும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில், மிக அதிகம் என்பதும் உலகெங்கும் கண்டறியப்பட்டவை. குரல்களின் ஆணைக்குப் பணிந்து இறப்பவர்கள் சிலர்தான். நோய் சற்றே தெளிந்து, கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டதையும் தான் நின்ற இடத்திலேயே நிற்பதையும் கணக்குப் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு வரும் மனமுறிவைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். என்னிடம் வந்த ஓர் இளைஞர், தேறிய நான்காவது வாரத்தில், கல்லூரி வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, தன் கால்குலேட்டரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டிருந்தார். பொறுப்பு வந்துவிட்டது என்று வீட்டார் மகிழ, தாய்க்கு மட்டும் ஏதோ உறுத்தி மறுநாளே அழைத்து வந்தார். அந்த இளைஞர் இன்று ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார்.

ஆகவே நாளையே மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தியதைப் போலவே நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் பூட்டியிருக்கட்டும், மாதக்கணக்கில் வாங்கிக் குவிக்காதீர்கள். சாகும் எண்ணம் விடாமல் இருந்தால் க்ளோசபின் பற்றிக் கேளுங்கள். மனச்சிதைவில் தற்கொலை ஆபத்தைக் குறைப்பதற்கென்றே அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்ற மருந்து அது. முதல் பதினெட்டு வாரங்களுக்கு வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றதும் பின்வாங்கும் குடும்பங்களை என்ன சொல்வது!

கல்யாணம் மருந்தல்ல. மறைத்துச் செய்த கல்யாணங்களில் புது மனைவி பார்த்துவிடுவாளே என்ற பயத்தில் முதலில் நிற்பது மாத்திரைதான், மீதியை அந்தப் பெண் சுமக்கிறாள்.

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரையே இளைஞர்களைத் தற்கொலைக்குத் தூண்டும் என்று படித்தேன், உண்மையா?

பாதி படித்திருக்கிறீர்கள். 2004-இல் சிறுவர்களுக்கென அமெரிக்காவில் அறிவித்த எச்சரிக்கை 2007-இல் 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. சிலருக்குத் தொடக்கத்தில் அத்தகைய எண்ணம் கூடக்கூடும் என்பதால், முதல் சில வாரங்கள் அருகிலிருந்து கவனியுங்கள் என்பதே அதன் பொருள். தூக்கம் போய், படபடப்பும் ஓயாத பேச்சுமாக மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். உள்ளே இருமுனைக் கோளாறு, அதாவது அதீத எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய், இருக்கலாம், அதற்கு லித்தியம் போன்ற வேறு மருந்து தேவைப்படும். நீங்களாக நிறுத்தாதீர்கள் என்பதை இங்கும் சொல்லிவிடுகிறேன்.

தேர்வில் தோற்றதற்கு இறப்பவர்கள் எல்லோரும் மனநோயாளிகளா?

இல்லை. மேலைநாட்டு ஆய்வுகள் தற்கொலையால் இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மனநோய் இருந்ததாகச் சொல்கின்றன. இந்திய, சீன ஆய்வுகளில் அந்த விகிதம் அவ்வளவு வருவதில்லை.

தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்தால் போலீஸ் வழக்கு வருமே?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு, தண்டனை கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், ஒரு காவலர் வந்து வாக்குமூலம் வாங்கலாம். அதற்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.